மருந்தும் வழியும்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டுமென மாணவச் செல்வர்கள் வந்து நின்றபோது, சீறாப்புராணத்தின் ஒரு படலத்தைப் பற்றியோ, குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களைப் பற்றியோ வழக்கம்போல் நாம் எழுதித் தருவோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். நாமும் அவ்வாறே தொடங்கினோம். ஆயின் எழுத்து ஓடவில்லை. 2019ஆம் ஆண்டு முதல் எம் இல்லத்தில் எம்மோடு உண்டு, உறங்கி, எழுந்து வருகின்ற ஒரு நோயைப் பற்றிய எண்ணமே எழுதுகோலின் முன்வந்து வழிமறித்து நின்றது. நாம் மருத்துவம் பயின்றோமல்லோம், பயின்றது தமிழ். எனினும் இந்நோயை ஒட்டி நாம் செய்த பிழை மருத்துவப் பிழையன்று. பொருள்கோளில் நேர்ந்த பிழை. அதனை எடுத்துரைக்கத் தமிழாசிரியர்க்கு உரிமை உண்டென்றே கருதுகிறோம்.

எம் தந்தையார் திண்டுக்கல்லில் தோல் மண்டியொன்றில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கணக்கெழுதியவர். அவரை நாங்கள் அத்தா என்றே அழைப்போம். ஈண்டும் அவ்வாறே அழைக்க அன்பர்கள் இசைவு தருவார்களாக. அத்தாவின் கையெழுத்து அச்சுக் கோத்தாற்போல் இருக்கும். மண்டி முதலாளி தம் பேரேட்டை வந்தவர்க்கெல்லாம் எடுத்துக் காட்டி, 'இது எங்கள் கணக்குப்பிள்ளை கை' எனப் பெருமை கொள்வார். ஓய்வு பெற்ற பின்னர் எங்கள் ஜமாஅத்தின் வரவு செலவை அத்தாவே எழுதி வந்தார். 2018ஆம் ஆண்டளவில் அந்த எழுத்து சுருங்கத் தொடங்கிற்று. வரியின் தொடக்கத்தில் நெல்லளவாய் நிற்கும் எழுத்து, வரி முடியுமுன் எள்ளளவாய் ஒடுங்கும். 'தாள் விலை ஏறிவிட்டதென்று சிக்கனம் பிடிக்கிறீர்களோ?' என ஜமாஅத்தார் நகையாடினர். அத்தாவும் சிரித்தார். சிரித்ததாகத்தான் நினைத்துக் கொண்டோம். அவர் முகத்தில் சிரிப்பின் கோடுகள் முன்போல் விழவில்லை என்பது எமக்கு அப்போது படவில்லை.

அதே காலத்தில் அவர்தம் வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கலாயின. கையில் தஸ்பீஹ் மணி இருப்பினும் இல்லாவிடினும் அவ்விரல்கள் உருட்டிக்கொண்டே இருக்கும். ஓய்வு பெற்றபின் மனம் திக்ரில் தோய்ந்துவிட்டதென அம்மா உள்ளம் பூரித்தார். அண்டை அயலாரிடமும் சொன்னார். ஏறத்தாழ ஓராண்டு நாங்கள் அனைவரும் அவ்வாறே நம்பியிருந்தோம். அந்த அசைவுக்கு மருத்துவ நூல்கள் 'மாத்திரை உருட்டும் நடுக்கம்' எனப் பெயரிட்டுள்ளன. மருந்துக் கடைக்காரர் மாத்திரையைக் கையாலேயே உருட்டிய காலத்தில் எழுந்த பெயர் அது. நம் சித்த மருத்துவர்கள் குளிகை உருட்டியதைக் கண்டவர்க்கு அப்பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். எங்கள் கண்ணுக்கோ அது மணி உருட்டுதலாகத் தெரிந்தது.

2019 பிப்ரவரியில் நோய் இன்னதெனத் தெரிந்தது. இலண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பவர், 1817ஆம் ஆண்டில் நடுக்குவாதத்தைப் பற்றிய சிறு நூலொன்று எழுதினார். அதில் அவர் விரித்துரைத்த நோயாளர் அறுவரே. அவர்களுட் சிலர் தெருவிற் கண்டவர்கள். பின்னர் பிரெஞ்சு நாட்டுச் சார்க்கோ என்னும் மருத்துவப் பேராசிரியர் அந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே சூட்டினார். நடுக்கம் என்னும் குறி மாந்தர்க்குப் புதியதன்று. இப்னு சீனா தம் மருத்துவப் பெருநூலில் அதனைத் தனியே எடுத்துப் பேசியுள்ளார். ஆனால் உள்ளே குறைவது யாது என்பது விளங்க 1960ஆம் ஆண்டு வரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவ்வாண்டில்தான் ஏரிங்கர், ஹார்னிகீவிச் என்னும் இருவர் வியன்னா நகரில், இந்நோயால் இறந்தோரின் மூளையில் டோபமின் என்னும் பொருள் பெரிதும் வற்றியிருத்தலைக் கண்டறிந்தனர். மூளையின் அடிப்பகுதியில் கருநிறத் திட்டாகக் கிடக்கும் சில நரம்பணுக்கள் அதனைச் சுரக்கின்றன. அவ்வணுக்கள் சிறுகச் சிறுக மடிய, டோபமின் குறைகிறது. குறையவே கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது, அசைவு மந்தமாகிறது. டோபமினையே ஊட்டிவிடலாமே எனின், அது குருதியினின்று மூளைக்குள் நுழையாது. அதன் முன்னிலைப் பொருளாகிய லெவோடோபா நுழையும்; நுழைந்தபின் டோபமினாக மாறும். 1957இல் சுவீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன், அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு இதனைச் செலுத்தி எழுப்பிக் காட்டினார். அவற்றை அசைவறச் செய்தது ரெசர்பின். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள். 1967இல் அமெரிக்காவில் கோட்ஸியாஸ் என்பவர் அளவைச் சிறிது சிறிதாக உயர்த்தி வாய்வழியே கொடுத்துப் பயன் கண்டார். கார்ல்சன் 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரானார்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. நம் ஊர் வேலிகளில் படரும் பூனைக்காலி விதையில் இந்த லெவோடோபா இயல்பாகவே உள்ளது. அதனை அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937இல் கட்டுரை வெளியிட்டவர்கள் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர். ஆய்ந்த இடம் சென்னைச் சேப்பாக்கம். பார்க்கின்சன் நோய்க்கு அது மருந்தாகும் என்பது அந்நாளில் உலகில் எவர்க்கும் தெரியாது.

மாத்திரை தொடங்கிய முதல் திங்களில் எங்கள் வீட்டில் பெருநாள் வந்தாற்போல் இருந்தது. அத்தாவின் விரல்கள் அடங்கின. சட்டைப் பொத்தானைத் தாமே மாட்டினார். எழுத்து மீண்டும் நெல்லளவாயிற்று. ஜமாஅத்துக் கணக்கில் இரண்டு பக்கம் எழுதி எம்மிடம் நீட்டினார். ஆனால் கால்கள் திருந்தவில்லை. அறை வாயிலுக்கு வந்ததும் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடுவார். திரும்ப வேண்டுமாயின் ஏழெட்டுச் சிற்றடிகள் எடுத்து வைக்க வேண்டும். ஸுஜூதிலிருந்து எழ இருவர் தாங்க வேண்டியதாயிற்று. பின்னர் நாற்காலியில் அமர்ந்து தொழலானார். ஈராண்டில் நான்கு முறை விழுந்தார். கைக்குக் கேட்கும் மருந்து காலுக்கு ஏன் கேட்கவில்லை? இவ்வினாவோடுதான் எம் பிழை தொடங்கிற்று.

வள்ளுவப் பேராசான் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து அதனைப் பேணிக் கொடுப்பவர் என மருத்துவத்துக்கு நான்கு கூறு வகுத்தார். வகுப்பறையில் அதனைப் பலமுறை விரித்துரைத்தவர் நாம். மருந்து பலிக்கவில்லையெனின் இந்நான்கனுள் ஒன்றில் குறை இருத்தல் வேண்டும் என முடிவு கட்டிக்கொண்டோம். ஒவ்வொன்றாக ஐயுற்றோம்.

முதலில் நோயுற்றவரையே ஐயுற்றோம். 2019 ரமலானில் அத்தா பிடிவாதமாக நோன்பு நோற்றார். மூன்று வேளை மாத்திரை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் என இரண்டாய்ச் சுருங்கிற்று. அதுவும் இறைச்சியிட்ட கஞ்சியோடு சேர்ந்து இறங்கிற்று. புரத உணவும் லெவோடோபாவும் உடலுக்குள் ஒரே வாயிலுக்குப் போட்டியிடுவன. ஆதலின் உணவுக்கு அரைமணி முன்னரேனும் அதனை விழுங்குதல் நன்று என்பர். பத்தாம் நோன்பில் அத்தாவால் எழவே இயலவில்லை. எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து, தீரா நோயுற்றவர்க்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை எடுத்துச் சொல்லி, ஃபித்யா கொடுத்தால் போதும் என்றார். அத்தா கண்கலங்க இசைந்தார். வேளை ஒழுங்கானது, கை தெளிந்தது, கால் அப்படியே இருந்தது.

அடுத்து மருந்தை ஐயுற்றோம். அளவு போதவில்லை போலும் என மருத்துவரிடம் நாமே வற்புறுத்தினோம். அளவு உயர்ந்தது. உயர்ந்ததும் எழுந்து நிற்கும்போதெல்லாம் தலை சுற்றிற்று. இரவில் முற்றத்தில் தம் மறைந்த அண்ணன் நிற்பதாக அத்தா சொல்லலானார். 'பெரியத்தா நிக்கிறாங்க, உள்ள வரச் சொல்லு' என்பார். உறவினர் ஒருவர் பூனைக்காலிச் சூரணம் கொணர்ந்தார். நாட்டு மருந்து என்பதாலேயே தீங்கற்றது என்பது நம்மவர் நம்பிக்கை. உள்ளிருப்பது அதே லெவோடோபா. அளவு மட்டும் தெரியாது. நல்வேளையாக மருத்துவரைக் கேட்டோம். அவர் வேண்டாவென்று தடுத்தார்.

மூன்றாவதாக நாம் ஐயுற்றவர் அம்மா. எழுதக் கூசுகிறது. 2021ஆம் ஆண்டு பக்ரீதுக்கு ஊர் சென்றிருந்தபோது, மாத்திரை அட்டைகளை எடுத்து எண்ணினோம். வாங்கிய நாளையும் வேளையையும் கணக்கிட, பத்து மாத்திரை மிகுதியாக இருந்தன. கணக்கப்பிள்ளையின் மகன் அன்றோ! அடுப்படியில் நின்ற அம்மாவிடம் அட்டையை நீட்டி, 'மறந்து மறந்துதான் கொடுத்திருக்கிறீர்கள். அதனால்தான் அத்தா விழுகிறார்' என்றோம். குரல் உயர்ந்துவிட்டது. உறவினர் பலர் கூடத்தில் இருந்தனர். அம்மா கரண்டியை வைத்துவிட்டு, 'கொடுக்காம இருப்பேனா தம்பி?' என ஒரு சொல் கேட்டார். வேறொன்றும் பேசவில்லை. மாலையில் தங்கை வந்து, பெருநாளுக்கு மருந்துக்கடை அடைத்திருக்கும் என அஞ்சித் தான் ஓர் அட்டை முன்கூட்டியே வாங்கி வைத்ததைச் சொன்னாள். பத்து மாத்திரைக் கணக்கு நேராயிற்று. அம்மாவிடம் சென்று பிழை பொறுக்க வேண்டும் எனத் தோன்றியது, மறுநாள் வகுப்பு இருந்தது, பேருந்து ஏறிவிட்டோம்.

நான்காவது கூறு எஞ்சி நின்றது. 2022இல் மதுரையில் வேறொரு நரம்பியல் மருத்துவரிடம் அத்தாவை அழைத்துச் சென்றோம். அவர் முதல்நாள் இரவிலிருந்து மாத்திரையை நிறுத்தச் சொல்லி, காலையில் வெறும் வயிற்றில் அத்தாவை அசையவும் நடக்கவும் வைத்து, ஒவ்வோர் அசைவுக்கும் சுழியம் முதல் நான்கு வரை மதிப்பெண் இட்டார். பின்னர் மாத்திரை கொடுத்து, ஒருமணி நேரம் கழித்து மீண்டும் அதே தேர்வை வைத்தார். தேர்வுத்தாள் திருத்திப் பழகிய எமக்கு அந்த முறை உடனே பிடித்துப்போயிற்று. இரு பட்டியலையும் அருகருகே வைத்தபோது, விரல், மணிக்கட்டு, விறைப்பு ஆகியவற்றின் மதிப்பெண்கள் நன்கு இறங்கியிருந்தன. நடை, திரும்புதல், தடுமாறாது நிற்றல் ஆகியவற்றில் மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரே எண். 'மருந்து வேலை செய்கிறது. செய்ய இயலாத இடத்தில் செய்யவில்லை' என்றார் அவர், எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னார்.

படத்தை ஒளித்திரையில் மாட்டினார். நடுவே இரு கரிய குளங்கள். அவற்றைச் சுற்றிலும் பஞ்சு சிதறினாற்போல் வெண்மை. வெண்பொருள் என மூளையில் ஒரு பகுதி உண்டென நாம் எங்கோ படித்திருந்தோம். ஆதலின், 'வெண்பொருள் நிறைய இருக்கிறதே, நல்லதுதானே?' என வினவினோம். மருத்துவர் எம்மை இரக்கத்தோடு நோக்கினார். நலமுற்ற வெண்பொருள் இவ்வகைப் படத்தில் வெண்மையாகத் தோன்றாதாம். சாம்பல் நிறமாகவே தோன்றுமாம். ஒளிரும் வெண்மையாகத் தெரிவது ஊறுற்ற இடம். ஒரு சொல்லின் மேலோட்டமான பொருளை நம்பி உட்பொருளைத் தவறவிட்ட மாணவனைப்போல் தலைகுனிந்தோம்.

மூளையின் புறத்தே சாம்பல்நிறப் பகுதியில் நரம்பணுக்கள் வாழ்கின்றன. அவற்றை ஒன்றோடொன்றும், உள்ளே ஆழத்தில் உள்ள அணுத்திரள்களோடும் இணைக்கும் நரம்பிழைகளின் கட்டே வெண்பொருள். அவ்விழைகளின்மேல் மையலின் என்னும் கொழுப்புறை சுற்றியிருத்தலால் அறுத்துப் பார்ப்போர்க்கு வெண்மையாய்த் தோன்றும். செய்தி விரைந்து செல்வதும் அவ்வுறையால்தான். இவ்விழைகளின் நீளத்தை டென்மார்க் நாட்டார் அளந்து 2003இல் வெளியிட்டனர். இருபது அகவை ஆடவர் ஒருவரின் மூளையில் அது ஏறத்தாழ 1,76,000 கிலோமீட்டர். நிலவுலகை நான்கு முறை சுற்றியும் மிஞ்சும். எண்பது அகவையில் அது ஏறத்தாழ 97,000 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறதாம். ஒரு தலைக்குள் இத்துணை வழிகளை வகுத்த வல்லோனின் ஆற்றலை வியப்பதா, அவற்றுள் பாதியளவை நாம் வாழ்ந்தே தேய்த்துவிடுவதை எண்ணி வருந்துவதா என அறியாது திகைத்தோம்.

அகவையால் தேய்வது ஒருபுறம். நுண்குழாய் நோயால் கெடுவது மறுபுறம். வெண்பொருளின் ஆழத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்கள் மிக மெல்லியன. நெடுந்தொலைவு ஊடுருவிச் செல்வன. ஆற்றின் கடைமடைபோல் அவ்விடம் எப்போதும் வறட்சிக்கு அஞ்சிக் கிடப்பது. உயர் இரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் மோதும்போது இக்குழாய்களின் சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. நீரிழிவும் புகைப்பழக்கமும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. குருதி குறைய, உறை சிதைகிறது, இழை அறுகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. 1894இல் பின்ஸ்வாங்கர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் இத்தகைய வெண்பொருட் சிதைவை விவரித்தார். படங்களில் தெரியும் வெண்மையை மதிப்பிட 1987இல் ஃபஸேகாஸ் என்பவரும் அவர் குழுவினரும் வகுத்த முறையில் சுழியம் முதல் மூன்று வரை தரம் உண்டு. அத்தாவுக்கு மூன்று. எந்தத் தேர்விலும் குறைந்த மதிப்பெண் பெறாத எம் அத்தா, குறைவாகப் பெறவேண்டிய ஒரே தேர்வில் முழு மதிப்பெண் பெற்றார்.

மருத்துவர் ஓர் உவமை சொன்னார். 'பார்க்கின்சன் நோய் என்பது குளம் வற்றியது. மாத்திரை குளத்தில் நீர் நிரப்பும். உங்கள் தந்தைக்கு வாய்க்காலும் சில இடங்களில் தூர்ந்திருக்கிறது. குளம் நிறைந்தும் கடைவயல் காய்கிறது.' தமிழாசிரியர் என்னும் முறையில் ஒன்று சொல்ல வேண்டும்; உவமை முற்றிலும் பொருந்தவில்லை. இவ்வாய்க்காலில் ஓடுவது மருந்தன்று. நட, நில், திரும்பு என்னும் ஏவல். மருந்து டோபமினை மீட்டுத் தரும். அறுந்த இழையை முடிந்து தராது. மூளையின் முன்மடலில் காலுக்குரிய பகுதியிலிருந்து புறப்படும் இழைகள், அக்கரிய குளங்களின் ஓரமாகவே கீழிறங்குகின்றன. வெண்திட்டுகள் மிகுவதும் அவ்வோரத்திலேயே. ஆதலின் கையை விட்டுக் காலைப் பிடிக்கிறது.

முழுக்க நுண்குழாய் நோயாலேயே நடை கெடுவோரும் உளர்; அத்தகையோரைக் குறித்து இங்கிலாந்தின் கிரிச்லி 1929இலேயே எழுதியுள்ளார். அத்தாவுக்கு ஒருபக்கமாகத் தொடங்கிய நடுக்கமும் மருந்துக்குத் தெளியும் கையும் இருந்தமையால், மெய்யான பார்க்கின்சன் நோயும் உண்டு. அதன்மேல் இது ஏறி அமர்ந்துள்ளது. வெண்திட்டுகள் மிக்க பார்க்கின்சன் நோயாளர்க்கு நடையும் நிலைபேறும் நினைவாற்றலும் கூடுதலாகத் தளர்கின்றன என்பதில் ஆய்வாளர் பலரும் உடன்படுகின்றனர். லெவோடோபாவின் பயனே குறைகிறதா என்பதில் ஒருமித்த குரல் இல்லை. குறைகிறது, அதிலும் நடையில் குறைகிறது என்போர் உளர். பெரிய வேறுபாடு காணோம் என்போரும் உளர். திட்டு தெரிந்தது என்பதற்காக மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு என மருத்துவர் இருமுறை எச்சரித்தார்.

துபாயில் பணிபுரியும் எம் மைத்துனர், மூளையில் மின்முனை பொருத்தும் அறுவைக்குத் தாமே செலவேற்பதாகச் சொல்லியிருந்தார். பல இலட்சம் ஆகும். மாத்திரைக்குத் தெளியாத நடை அவ்வறுவைக்கும் பெரும்பாலும் தெளியாது என மருத்துவர் கூறிவிட்டார். அந்நல்ல மனத்துக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக. பணம் அவரிடமே தங்கியது.

'இவருக்கு எத்தனை ஆண்டாகப் பிரஷர்?' என இறுதியில் கேட்டார். அத்தா எம்மைப் பார்த்தார். நாம் அத்தாவைப் பார்த்தோம். 2004ஆம் ஆண்டு, எம்.ஃபில். ஆய்வேட்டைக் கட்டுமானத்துக்குக் கொடுத்திருந்த நாட்கள். ஒருநாள் அத்தாவின் பேரேட்டுக்குள் ஒரு மருத்துவச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. 170/104 என எழுதியிருந்ததை நாம் படித்தோம். 'என்ன அத்தா இது?' என்றோம். 'ஒண்ணுமில்ல தம்பி, ரெண்டு மாசம் மாத்திரை போட்டேன். தலைவலி கூட இல்ல. எதுக்கு வீண் செலவு?' என்றார். சீட்டை மடித்து மீண்டும் பேரேட்டுக்குள்ளேயே வைத்துவிட்டோம். ஒரு பாட்டின் ஒரு சீருக்கு உரையாசிரியர் மூவர் கொண்ட மூவகைப் பாடத்தை முப்பது பக்கம் ஆராய்ந்து கொண்டிருந்த காலம் அது. இரண்டே எண்கள் கொண்ட அச்சீட்டுக்கு உரை காண எமக்குப் பொழுதில்லை.

அன்றே அறிந்து மருந்து தந்திருப்பின் அவ்வெண்திட்டுகள் எழாமலே இருந்திருக்கும் எனச் சொல்ல எவராலும் இயலாது. குறைந்திருக்கக்கூடும் என்பது மட்டும் ஆய்வால் தெரிகிறது. 2019இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ஸ்பிரிண்ட் ஆய்வின் ஒரு பகுதி, மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே வைக்க முயன்றோர்க்கு, 140க்குக் கீழே வைக்க முயன்றோரைவிட, வெண்திட்டு வளர்வது சற்றே மட்டுப்பட்டதைக் காட்டிற்று. ஆனால் பார்க்கின்சன் நோயாளரிடம் இவ்விதியை அப்படியே பொருத்துதல் ஆகாது. படுத்திருக்கையில் உயர்ந்திருக்கும் அழுத்தம் எழுந்து நின்றதும் சரியும் இயல்பு அவர்களுட் பலர்க்கு உண்டு. லெவோடோபாவும் அச்சரிவைக் கூட்டும். அத்தாவுக்கு இப்போது படுக்கையில் ஒருமுறையும் நின்றபின் ஒருமுறையும் அளந்து குறித்து வருகிறோம். மிகுத்த மாத்திரை பழைய அளவுக்கு இறங்கியது. பெரியத்தா முற்றத்துக்கு வருவதும் நின்றது. அவர் வாராமை குறித்து அத்தாவுக்குச் சிறு வருத்தம் உண்டு என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நடைக்கு மருந்து பயிற்சியே என்றனர். இயன்முறைப் பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து, கூடத்துத் தரையில் ஒன்றரை அடிக்கொன்றாகக் குறுக்கே வெண்ணிற நாடா ஒட்டினார். கண்ணால் கோட்டைக் கண்டு தாண்டும்போது, பழுதுற்ற உள்வழியை விட்டுக் கண்வழியே ஏவல் காலுக்குச் செல்கிறதாம். கோடுகளைப் பார்த்ததும் அத்தா, 'என்ன தம்பி, கூடத்துல ஸஃப் போட்டுட்டாங்க?' என்றார். நோய் வந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் நகைச்சுவை அதுவே. முதற் கோட்டில் நின்றார்; ஒரு பொழுது தயங்கினார்; பின்னர் ஒவ்வொன்றாகத் தாண்டிக் கிப்லாத் திசைச் சுவர் வரை சென்றுவிட்டார். திரும்புவதில்தான் இடர். அங்கே கோடு உதவவில்லை, தங்கை கைகொடுத்தாள். எல்லா நாளும் இப்படி அமைவதில்லை. கோட்டின்மேலேயே நின்றுவிடும் நாட்களும் உண்டு. ஆனால் விழுவது குறைந்திருக்கிறது.

மதுரையிலிருந்து திரும்பிய இரவு அம்மாவிடம் அமர்ந்து படத்தைப் பற்றிச் சொன்னோம். மாத்திரை கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை என்றோம். பக்ரீத் அன்று பேசியதைப் பொறுத்தருளுமாறு வேண்டினோம். அம்மா எழுந்துபோய் அலமாரியிலிருந்து ரொட்டித் தகரப்பெட்டி ஒன்றை எடுத்து வந்து எம் முன் வைத்தார். உள்ளே காலி மாத்திரை அட்டைகள். அந்தப் பக்ரீதுக்கு மறுநாளிலிருந்து ஒன்றையும் எறியவில்லை. ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் பேனாவால் எழுதியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. எண்கள் கோணல்மாணலாக இருந்தன. கணக்கு மட்டும் ஓரிடத்திலும் பிசகவில்லை.

'இனி இது வேண்டாம் அம்மா' என்றோம். 'இருக்கட்டும் தம்பி' என்றார்.

இப்போது மூன்றாவது பெட்டி நிறைந்து வருகிறது. மதுரையில் அன்று எமக்கும் அழுத்தம் பார்த்தார்கள், 148/94. அன்று முதல் நாமும் காலையில் ஒரு மாத்திரை விழுங்குகிறோம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தீர்ந்த எம் அட்டையை அம்மா கேட்டு வாங்கி, நாள் குறித்து, அத்தாவின் அட்டைகளோடு அதே பெட்டியில் போட்டு மூடி வைக்கிறார்.